நாலு முப்பத்தைந்துக்கு ஒப்படைத்த வீடு

போன வாரம் ஒரு போன் வந்தது. நான் வேலை பார்த்த கோர்ட்டில் இப்போது அமீனாவாக இருக்கிற அம்மா பேசினார். வாடகை ஒப்பந்தங்களை எல்லாம் இனிக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறதே, அப்படியானால் வீட்டுக்காரர் குடித்தனக்காரர் தகராறெல்லாம் குறைந்துவிடுமா, நம் வேலை போய்விடுமா என்று கவலைப்பட்டார்.

"ஆணி அடிக்கிறதையும் பதிவு பண்ணச் சொல்லியிருக்காகளா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லண்ணே."

"அப்ப ஒங்க வேல எங்கயும் போகாது" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்குவதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அமீனா என்றால் பலருக்கு ஜப்தி ஞாபகம்தான் வரும். கோர்ட் ஒரு வீட்டைக் காலி செய்யச் சொல்லித் தீர்ப்பு எழுதிவிட்டால், அந்தத் தீர்ப்பு தானாக நடந்து போய்க் கதவைத் தட்டாது. வாரண்டை எடுத்துக்கொண்டு போய்த் தட்டுவது அமீனாவின் வேலை. உள்ளே இருப்பவரை வெளியேற்றி, சாமான்களைப் பட்டியல் போட்டு, சாவியை வீட்டுக்காரர் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ரிப்போர்ட் எழுதிக் கோர்ட்டுக்குத் தரவேண்டும். முப்பத்தொரு வருடம் இதைச் செய்தேன். எந்த ஊர் கோர்ட் என்று சொல்லப்போவதில்லை. கம்பம் பள்ளத்தாக்கில், தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றால் மேகமலை தெரியும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. எனக்கு முன் இருந்த அமீனா மூன்று மாதம் கூட்டிக்கொண்டு அலைந்தார். முன்கதவைத் தட்டுவதற்கு முன்னால் கொல்லைப்பக்கம் ஒருமுறை போய்ப் பார்த்துவிடு, நாய் இருக்கிறதா என்று கேட்டுவிடு, எவர் தண்ணீர் கொடுத்தாலும் குடி, எவர் சாப்பிடச் சொன்னாலும் சாப்பிடாதே. அவ்வளவுதான் பாடம். மீதியை வீட்டுக்காரர்களும் குடித்தனக்காரர்களும் சொல்லிக் கொடுத்தார்கள்.

அவர்கள் சொல்லிக் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல. ஒருமுறை அல்லிநகரத்துக்காரர் ஒருவர் எங்கள் ஊரில் முதலீடு என்று ஒரு வீட்டை வாங்கிப் போட்டிருந்தார். பத்திரத்தில் வடக்கு எல்லை 'சீனியின் மாட்டுக்கொட்டம்' என்று இருந்தது. நான் போனபோது அங்கே செல்போன் கடை இருந்தது. குடியிருந்தவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, வாரண்டில் உள்ள வீட்டுக்கு வடக்கே மாடு இருக்கவேண்டும், மாட்டைக் காட்டுங்கள், உடனே காலி செய்கிறேன் என்றார். சட்டப்படி அவர் கேட்டது நியாயம். எல்லையைத் திருத்தி வாரண்டை மறுபடி வாங்கி வருவதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. அதற்குள் செல்போன் கடை போய் அங்கே பால் டிப்போ வந்துவிட்டது.

இந்த மாதிரி நேரங்களில் நான் போய் நிற்கும் இடம் நாசரின் மேசை. நாசர் என்பது ஆள் பெயர் இல்லை, பதவியின் பெயர்; அமீனாக்களுக்கு மேலதிகாரி. வாரண்டுகளைப் பிரித்துக் கொடுப்பதும் ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பதும் அவர்தான். என் சர்வீஸில் ஏழு நாசர்களைப் பார்த்தேன். கடைசியாக இருந்தவர்தான் என் மனதில் நிற்கிற நாசர். ஒல்லியான மனிதர். ஆபீஸுக்கு வந்ததும் நாற்காலியில் ஒரு கைக்குட்டையை நான்காக மடித்து விரித்து அதன்மேல் உட்காருவார். பிளாஸ்கில் வெந்நீர். அதை மூடியில் ஊற்றி, ஆவி அடங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் குடிப்பார். எதைக் கேட்டாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை, "எழுத்துல இருக்கா?" என்பதுதான். மழை பெய்கிறது சார் என்று சொன்னால்கூட அதையே கேட்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். எனக்கு அவர்மேல் பயம் உண்டு. ரிப்போர்ட்டில் ஒரு நேரத்தை அடித்துத் திருத்தியிருந்தால் முழுப் பக்கத்தையும் மறுபடி எழுதச் சொல்வார்.

அவர் காலத்தில் வந்ததுதான் பரமசிவம், ஞானராஜ் வழக்கு.

பரமசிவம் ஏலக்காய் வியாபாரி. ஞானராஜுக்குப் பஜாரில் இரும்புக்கடை. இருவருக்கும் ஒரே தெருவில் எதிரெதிரே சொந்த வீடு. பரமசிவம் தன் வீட்டைக் கட்டிக் குடிபோன வருடமே அவருடைய ஒரே மகள் கயலுக்கு முதலில் மஞ்சள்காமாலை, அடுத்து டைபாய்டு. பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பிழைத்தது பெரிய காரியம். ஜோசியரிடம் போனார்கள். இந்த வீடு தலைப்பிள்ளைக்கு ஆகாது, அது வாசலை மிதிக்கக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அதே சமயத்தில் எதிர்வீட்டு ஞானராஜுக்குக் கடையில் நஷ்டம். அவர் சர்ச்சுக்குப் போகிறவர், ஜோசியம் பார்க்கமாட்டார். பாஸ்டரை அழைத்து ஜெபம் செய்தார். பிறகு சும்மா ஒரு தகவலுக்காக அதே ஜோசியரிடம் போனார். அவருக்கும் சொந்த வாசல் சரியில்லை, எதிர்த் திசை வாசல்தான் ஒத்துவரும் என்று பதில் வந்தது.

என்ன செய்தார்கள்? வீட்டை விற்க மனம் வரவில்லை. ஆளுக்கொரு பதினொரு மாத வாடகை ஒப்பந்தம் எழுதி, பரமசிவம் ஞானராஜ் வீட்டுக்கும் ஞானராஜ் பரமசிவம் வீட்டுக்கும் குடிபோனார்கள். ஒவ்வொருவரும் எதிர் வீட்டுக்குச் சொந்தக்காரர், இருக்கிற வீட்டுக்குக் குடித்தனக்காரர். இந்த ஏற்பாடு ஐந்து வருடம் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் நடந்தது. இரண்டு வீட்டு அம்மாக்களும், பரமசிவத்தின் மனைவி சுப்புலட்சுமியும் ஞானராஜின் மனைவி எஸ்தரும், குழம்பும் பலகாரமும் தெருவைத் தாண்டித் தாண்டிக் கொடுத்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார்கள்.

ஆறாவது வருடம் பரமசிவம், தான் குடியிருந்த வீட்டின் முன்சுவரில் ஒரு திருஷ்டி பொம்மை மாட்டினார். நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு முழிக்குமே, அது. எதிரே பார்த்துத்தானே முழிக்கும்? எதிரே ஞானராஜ் குடியிருந்தார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் அது ஏன் என்னையே பார்க்கிறது என்று ஞானராஜ் கேட்டார். அது என் சொந்த வீட்டைத்தான் பார்க்கிறது, உமக்கென்ன என்று பரமசிவம் சொன்னார். அன்றோடு பேச்சு முறிந்தது.

ஞானராஜ் வக்கீலிடம் போனார். வீட்டுக்காரரின் எழுத்துமூலமான அனுமதி இல்லாமல் சுவரில் ஆணி அடித்துக் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்த குடித்தனக்காரரைக் காலி செய்யவேண்டும் என்று மனுப் போட்டார். பரமசிவம் சும்மா இருப்பாரா? கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டுவதற்காக ஞானராஜ் நான்கு ஆணி அடித்திருக்கிறார் என்று எதிர்மனுப் போட்டார். கோர்ட் ஒரு வக்கீலைக் கமிஷனராக அனுப்பி ஆணிகளைப் பார்வையிடச் சொன்னது. அந்த ரிப்போர்ட்டை நானே படித்திருக்கிறேன். 'ஆணியின் வெளியே தெரியும் பாகம் ஓர் அங்குலம், உள்ளே இருக்கும் பாகம் அனுமானத்துக்கு உரியது' என்று எழுதியிருந்தார்.

ஆணி மனுக்கள் இரண்டும் தள்ளுபடியாயின. உடனே இருவரும் சொந்த உபயோகத்துக்கு வீடு வேண்டும் என்று புதிதாக மனுப் போட்டார்கள். பழைய சட்டத்தில் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. கேட்கிற ஆள் அந்த ஊரில் தனக்குச் சொந்தமான வேறு வீட்டில் குடியிருக்கக்கூடாது. இரண்டு பேருமே இருந்தது வாடகை வீட்டில். அதனால் இரண்டு பேருக்குமே தீர்ப்பு சாதகம். மேல்முறையீடு எல்லாம் முடிந்து வாரண்ட் என் கைக்கு வந்தபோது சண்டை தொடங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அடுத்தடுத்த நம்பரில் இரண்டு வாரண்ட். ஆடி மாதத்து ஒரு புதன்கிழமைக்குள் இரண்டையும் முடித்து ரிப்போர்ட் தரவேண்டும்.

ஆடியில் வீடு மாறுவதே எங்கள் பக்கம் ஆகாது. அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. பரமசிவத்தின் மகள் கயலுக்குக் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம். எதை முதலில் நிறைவேற்றினாலும் ஒரு குடும்பம் தெருவில் நிற்கும். அது பரமசிவம் குடும்பமாக இருந்தால் தெருவில் நிற்பது வயிற்றுப்பிள்ளைக்காரி. எனக்கும் இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நாசரிடம் போனேன்.

"ரெண்டுல எத முதல்ல செய்யணும்னு எழுத்துல இருக்கா?"

"இல்ல சார்."

வெந்நீரை ஊற்றி ஆவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "எழுத்துல இல்லாதத நான் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு வீட்டுச் சாமானும் ஒரே நேரத்துல தெருவுக்கு வந்துட்டா, எது முதல்னு யாரும் கேக்க மாட்டாக" என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசிக் கேட்டது அன்றுதான்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொடங்கினோம். இரண்டு போலீஸ்காரர்கள், நான்கு சுமைதூக்கிகள். தெருவுக்கு நடுவில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டேன். கிழக்கே பரமசிவம் சாமான், மேற்கே ஞானராஜ் சாமான். பட்டியலில் இரண்டு பத்தி. கட்டில், பீரோ, கிரைண்டர் எல்லாம் ஒழுங்காக வந்தன. பாத்திரங்களில்தான் மாட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் எவர்சில்வர் பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டாமல் கடையை விட்டு இறங்கமாட்டார்கள். பரமசிவம் வீட்டுச் சாமானில் ஒன்பது பாத்திரங்களில் எஸ்தர் என்று வெட்டியிருந்தது. ஞானராஜ் வீட்டுச் சாமானில் ஏழு சுப்புலட்சுமிகள்.

ஒன்பது வருடமாக ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று சுப்புலட்சுமியிடம் கேட்டேன்.

"வெறும் பாத்திரத்த எப்பிடிங்கய்யா குடுத்துவிடுறது? எதாச்சும் போட்டுத்தான குடுக்கணும்?"

"போட்டுக் குடுக்கவேண்டியதுதான?"

"கோர்ட்டுல கேஸ் நடக்கயில கொழம்பு குடுத்துவிட்டா வக்கீலு என்ன சொல்வாரு?"

எஸ்தரிடம் கேட்டால் அவரும் அதையேதான் சொன்னார். வெறுமனே கொடுத்தால் அவமரியாதை, நிரப்பிக் கொடுத்தால் தோல்வி. பதினாறு பாத்திரங்களும் அப்படியே சிறையிருந்தன. பெயரைப் பார்த்துக் கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றிவிடலாம் என்று ஒரு போலீஸ்காரர் தூக்கப் போனார். இரண்டு அம்மாக்களும் ஒரே குரலில், வெறுமனே தூக்காதீர்கள் என்றார்கள். இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று எழுதிக்கொண்டேன்.

மூன்று மணிக்குள் இரண்டு வீடும் காலி. பூட்டினேன். பரமசிவம் வீட்டுச் சாவி பரமசிவத்திடம், ஞானராஜ் வீட்டுச் சாவி ஞானராஜிடம். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அத்தோடு உள்ளே போகவேண்டியதுதானே? போகவில்லை. செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரைவரை ராகு காலம், அது கழியாமல் வாசல் மிதிக்கமாட்டேன் என்றார் பரமசிவம். எனக்கு ராகு காலமெல்லாம் கிடையாது, ஆனால் அவர் உள்ளே போனதைக் கண்ணால் பார்க்காமல் நான் நகரமாட்டேன், நான் போனதும் என் வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்றார் ஞானராஜ். ஆள் உள்ளே போய் வீட்டைத் தன் வசம் எடுத்தார், அதாவது சுவாதீனம் எடுத்தார் என்று எழுதாமல் நானும் நகரமுடியாது.

இரண்டு வீடு காலியாகப் பூட்டிக் கிடக்க, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு சொந்தக்காரர்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். மலைப்பக்கமிருந்து சாரல் இறங்கியது. மெத்தைகளின்மேல் தார்ப்பாய் போட்டோம். கயல் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், குடைக்குக் கீழே, சுண்ணாம்புக் கோட்டுக்கு மேலேயே உட்கார்ந்திருந்தாள். ராகு காலம் முடிந்தாலும் அவளை அந்த வீட்டுக்குள் விடுவதாக இல்லை. ஐந்து மணிக்குக் கார் வரச்சொல்லியிருந்தார் பரமசிவம். கம்பத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பிரசவம் முடியும்வரை வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். மகள் பிழைக்கவேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதருக்கு வேறு எண்ணமே இல்லை. பார்க்கவே சங்கடமாக இருந்தது. நேரம் தவறிவிடக்கூடாது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்னிடம் மணி கேட்டார். அவருடைய செல்போன் எந்த மூட்டைக்குள் போனது என்று தெரியவில்லை. கோர்ட்டுக்காரர் வாட்ச் என்பதால் என்னுடையதை நம்பினார்.

நாலு மணி இருக்கும். கயல் தகப்பனைக் கூப்பிட்டாள்.

"அப்பா, எனக்கு அவசரமா பாத்ரூம் போகணும்."

"இன்னும் அரமணி நேரம்மா. பல்லக் கடிச்சுக்க."

"இதுக்கும் பல்லுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

தெருவில் மற்றவை ஏலக்காய் கோடவுனும் பூட்டிக் கிடந்த வீடுகளும்தான். கோடியில் ஒரு வீட்டம்மா மட்டும் கதவைத் திறந்து வைத்து, இங்கன வா தாயி என்று கூப்பிட்டார். கயல் எழுந்தாள். அந்தப் பக்கம் போவாள் என்றுதான் நினைத்தோம். அவள் நேரே தகப்பனிடம் வந்து, அவர் கையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டாள்.

"சொந்தத்துல ஒரு வீடு, வாடகைக்கு ஒரு வீடு. ரெண்டு இருக்கயில நான் எதுக்கு மூணாவது வீட்டுக்குப் போகணும்?"

"ஆத்தா, வேணாம்மா. அந்த வாசல மிதிக்காத ஆத்தா."

அவள் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். பூட்டைத் திறந்தாள். பதினான்கு வருடமாகத் தாண்டாத வாசலைத் தாண்டி உள்ளே போனாள். பரமசிவம் அப்படியே நனைந்த தார்ப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டார். சுப்புலட்சுமி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். ஞானராஜ்கூட எழுந்து நின்றுவிட்டார். எஸ்தர் உதட்டை அசைத்து ஜெபம் செய்துகொண்டிருந்தார்.

"அமீனா சார், மணி என்ன?" என்று கேட்டார் பரமசிவம்.

வாட்சைப் பார்த்தேன். நாலு எட்டு. நல்ல ராகு காலம்.

"நாலு முப்பத்தஞ்சு" என்றேன்.

பக்கத்தில் நின்ற போலீஸ்காரர், சார் இன்னும் என்று ஆரம்பித்தார். அவர் காலை மிதித்தேன். பூட்ஸ் போட்டிருந்தார், ஆனாலும் புரிந்துகொண்டார்.

உள்ளேயிருந்து தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு கயலின் குரல். "அம்மா, அந்தப் பாயக் கொண்டுவா. கொஞ்ச நேரம் படுக்கணும். இங்கன நல்லா காத்து வருது. கம்பத்துக்கெல்லாம் நான் போகல."

பரமசிவம் என்னைப் பார்த்தார். நாலரை கழிந்துவிட்டதுதானே என்று கண்ணாலேயே கேட்டார். தலையாட்டினேன். வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போனார். அதைக் கண்ணால் பார்த்த பிறகு ஞானராஜும் தன் வீட்டுக்குள் போனார். ஒன்பது வருடத்து வழக்கு, இரண்டு தீர்ப்பு, ஒரு மேல்முறையீடு, போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் சேர்ந்து செய்யமுடியாததை ஒரு பெண்ணின் அவசரம் செய்து முடித்தது. அரைமணி நேரத்தில் எஸ்தர் அடுப்பு மூட்டி, ஒரு சுப்புலட்சுமிப் பாத்திரம் நிறையத் தேநீர் கொடுத்துவிட்டார். சிறையிலிருந்து முதல் ஆள் விடுதலை.

மறுநாள் ரிப்போர்ட்டை நாசரிடம் வைத்தேன். 'மாலை 4.35 மணிக்கு மனுதாரர் குடும்பத்தார் உள்ளே சென்று சுவாதீனம் பெற்றனர்.' அவர் போலீஸ் கொடுத்த தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"பந்தோபஸ்து முடிச்சுப் போலீஸ் திரும்பினது நாலு இருபத்தஞ்சுன்னு இருக்கு. அவுக போன பெறகா சுவாதீனம் குடுத்தீக?"

ஓய்வுபெற ஏழு மாதம்தான் பாக்கி. பொய் ரிப்போர்ட் என்று ஒரு மெமோ கொடுத்தால் பென்ஷன் இழுத்துக்கொண்டு கிடக்கும். இருந்தாலும் அவரிடம் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. ஜோசியர் சொன்னது, ராகு காலம், பாத்ரூம், நாலு எட்டு என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். வெந்நீர் ஆறிப்போகும்வரை அவர் குடிக்கவே இல்லை.

"அந்தப் புள்ள நல்லாருக்கா?"

"நல்லாருக்கு சார். அந்த வீட்டுலதான் இருக்கு."

"போலீஸ்காரக கடிகாரம் நம்ம ஆபீஸ் ரெக்கார்டு கிடையாது" என்று சொல்லி முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பரமசிவம் கோர்ட்டுக்கு வந்தார். மகளுக்குப் பெண்குழந்தை, அரசு ஆஸ்பத்திரியில் சுகப்பிரசவம். ஆனால் மனிதருக்குத் தூக்கம் இல்லை. வீட்டுக்கு வந்த ஜோசியர், பிள்ளைத்தாய்ச்சி எத்தனை மணிக்கு வாசல் மிதித்தாள், நாலரைக்கு முன்னா பின்னா என்று குடைந்திருக்கிறார். தெருவில் யாரோ வேறு, நாலே கால்கூட ஆகவில்லையே என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்று சொன்னவர், சொல்லிக்கொண்டே அழுதுவிட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாசர் வழக்குக் காகிதக் கட்டை அவிழ்த்து ரிப்போர்ட்டை உருவி எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். விரலை வரியின்மேல் வைத்து, தீர்ப்பு வாசிக்கிற மாதிரி நிறுத்தி வாசித்தார்.

"மாலை நாலு முப்பத்தைந்து மணிக்கு. எழுத்துல இருக்கு. கோர்ட்டு முத்திரையும் இருக்கு. வேணும்னா நகல் மனு போட்டு வாங்கி, அந்த ஜோசியருக்குக் குடுங்க."

பரமசிவம் அந்தத் தாளை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். நகலுக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குப் பால் மாவு வாங்கவேண்டும் என்று வேகவேகமாகப் படியிறங்கிப் போனார்.

நாசர் கட்டைத் திரும்பக் கட்டினார். கைக்குட்டையைச் சரிசெய்து உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்:

"ஒங்க வாட்ச்சு இருபத்தேழு நிமிசம் வேகமா ஓடுது. சரி பண்ணிறாதீக."